நிழலில் தொடங்குங்கள்: இம்ப்ரஷனிஸ்ட் நிலக்காட்சியில் வெளிச்சத்தையும் மனநிலையையும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1874 ஏப்ரலில் பாரிஸில் ஒரு கண்காட்சி நடந்தது. புகைப்படக்காரர் நடார் முன்பு வைத்திருந்த ஸ்டூடியோவில் மோனே, ரெனுவார், சிஸ்லி, பிஸாரோ முதலான ஓவியர்கள் (பின்னாளில் இம்ப்ரஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்றவர்கள்) தங்கள் படங்களைத் தாங்களே மாட்டி வைத்தார்கள். அதில் பிஸாரோவின் ஒரு படத்துக்கு 'உறைபனி' என்று பெயர். முந்தைய ஆண்டு பொந்த்வாஸ் ஊர்ப்பக்கம் வரைந்தது. உழுத நிலம், அதை ஒட்டி ஏறும் ஒரு பழைய சாலை, முதுகில் விறகுக்கட்டோடு கோலூன்றி நடக்கும் ஒரு விவசாயி. அவ்வளவுதான் படம்.

கஸ்தன்யாரி என்ற விமர்சகர் இந்தக் குழுவின் எதிரி இல்லை. ஓரளவு ஆதரித்து எழுதியவர்தான். ஆனால் இந்தப் படத்தில் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. நிலத்தின் மேல் நீள நீளமாக மர நிழல்கள் விழுகின்றன; மரங்களோ படத்திலேயே இல்லை, சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. இல்லாத மரத்துக்கு நிழல் போடலாமா என்பது அவர் கேள்வி.

எனக்கு இந்தப் புகார் ரொம்பப் பிடிக்கும். குறை சொல்ல வந்தவர் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். பிஸாரோவுக்கு மரம் முக்கியமில்லை. காலை வெயில் அந்த நிலத்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம், அதை நிழல் சொல்லிவிடுகிறது. இம்ப்ரஷனிஸ்ட் நிலக்காட்சியைப் பார்க்கும்போது பெரும்பாலோர் முதலில் பளிச்சென்ற இடங்களைப் பார்க்கிறார்கள், "ஆஹா, என்ன வெளிச்சம்" என்கிறார்கள், அதற்கு மேல் நகர முடிவதில்லை. நிழலில் தொடங்கினால் படம் தானாகப் பேச ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

பார்க்க உட்காருமுன்

நம்மில் பலர் இந்தப் படங்களை போனிலோ கம்ப்யூட்டரிலோதான் பார்க்கப்போகிறோம். அதில் தப்பில்லை, ஆனால் சில விஷயங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். போனில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் வசதி இருக்கும்; அதை அணைத்துவிடுங்கள். இங்கே நாம் தேடப்போவது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை. திரையே மஞ்சளாக இருந்தால் பாதி போய்விடும்.

படத்தை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். போஸ்டர், வால்பேப்பர் என்று சுற்றிவரும் பிரதிகளில் நிறத்தைக் கண்டபடி ஏற்றியிருப்பார்கள். மோனேவின் பனிப்படங்களில் நிழலை நீச்சல்குள நீலமாக்கி வைத்திருக்கும் பிரதிகள் ஏராளம். அப்புறம், படத்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோனேவின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' வெறும் 48 x 63 செ.மீ.; அவருடைய 'மேக்பை' 89 x 130 செ.மீ. திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும், தூரிகைத் தீற்றலின் அளவைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும்.

இந்த வழிகாட்டிக்கு முக்கிய உதாரணமாக 'மேக்பை'யை எடுத்துக்கொள்கிறேன். க்ளோத் மோனே 1868-69 குளிர்காலத்தில் நார்மண்டி கடற்கரையில் உள்ள எத்ரத்தா பக்கம் வரைந்தது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி மூடிய நிலம். குறுக்கே மிலாறு முடைந்த ஒரு வேலி. இடது பக்கம் மரப்படல் ஒன்று. அதன் மேல் ஒரு மேக்பை. காக்கைக் குடும்பத்துப் பறவை, நம் ஊர் வால்காக்கைக்கு உறவு. பின்னால் மரங்கள், பனி ஏறிய கூரைகள். ஆள் யாரும் இல்லை.

படி 1: சூரியனைக் கண்டுபிடியுங்கள்

முதல் கேள்வி எளிது. சூரியன் எங்கே இருக்கிறது? நமக்கு முன்னாலா, பின்னாலா, பக்கவாட்டிலா? உயரத்திலா, தாழ்வாகவா? படத்தில் சூரியன் தெரிய வேண்டியதில்லை. நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்தால் விடை வந்துவிடும்.

'மேக்பை'யில் வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. அதாவது சூரியன் வேலிக்கு அந்தப் பக்கம், தாழ்வாக நிற்கிறது. இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. நாம் பார்ப்பது வேலியின் வெயில் படாத பக்கம். வெளிச்சம் வேலிக்கு அந்தப்புறம் இருக்கிறது, நாம் இந்தப்புறம். வேலியின் தலையில் ஒட்டியிருக்கும் பனி மட்டும் வெயிலைப் பிடித்து மின்னுகிறது.

சூரியன் ஓவியருக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தட்டையாக, நிறம் நிறமாகத் தெரியும். கொண்டாட்டமான படங்கள் பலவற்றில் அப்படித்தான். பக்கத்தில் இருந்தால் பொருளுக்கு உருட்சி வரும். முன்னால் இருந்தால், 'மேக்பை'யில் போல, பொருள்கள் பின்வாங்கி வெளிச்சமும் நிழலும் முன்னால் வரும். மனநிலையின் முதல் முடிவு இங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மோனே எங்கே கால் ஊன்றி நின்றார் என்பதே ஒரு தேர்வு.

வெயிலே இல்லாத படம் என்றால்? நிழலின் விளிம்பைப் பாருங்கள். மேகமூட்டத்தில் நிழல் விளிம்பு கரைந்துவிடும், அல்லது நிழலே இருக்காது. அப்போது நேராக மூன்றாம் படிக்குப் போய்விடலாம்.

படி 2: நிழலுக்கு என்ன நிறம்?

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மேக்பை'யின் முன்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேலி நிழல் விழுந்த பனி சாம்பலும் இல்லை, கருப்பும் இல்லை. நீலம், நீலத்தோடு மெல்லிய ஊதா. இப்போது அதை ஒட்டிய வெயில் பட்ட பனியைப் பாருங்கள். வெறும் வெள்ளை என்று நினைத்திருப்பீர்கள். அதில் பாலாடை மஞ்சள் இருக்கிறது, சில இடங்களில் லேசான ரோஜா நிறம் இருக்கிறது. வெள்ளை என்று ஒன்றை இந்தப் படத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஏன் நீலம்? இரண்டு காரணங்கள். முதலாவது, இயற்கையே அப்படித்தான். வெயிலில் இருக்கும் பனிக்குச் சூரிய ஒளி நேரடியாகக் கிடைக்கிறது. நிழலில் இருக்கும் பனிக்கு அது கிடைப்பதில்லை. அங்கே விழுவது வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி. வான ஒளியில் நீலம் அதிகம், பனி அதை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. பனி வேண்டும் என்று இல்லை. நல்ல வெயில் நாளில் மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் கையை நீட்டி நிழலை உற்றுப் பாருங்கள். மூளை "வெள்ளைதான்" என்று அடம்பிடிக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் நீலம் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது. மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோபலன் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்டவர். கருப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த நிறத்தில்தான் என்று கண்டார். ஒரு நிறம் தன் அண்டைநிறத்தைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளுகிறது. 1839-ல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார். வெயில்பட்ட பனியில் லேசான மஞ்சள் இருந்தால் பக்கத்து நிழல் இன்னும் நீலமாக, ஊதாவாகத் தெரியும். ஓவியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், மீதி வேலையை நம் கண் செய்துகொள்ளும்.

1869-ல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன், 'மேக்பை'யைத் திருப்பி அனுப்பிவிட்டது. நிழலைப் பழுப்பும் கருப்பும் கலந்து தீட்டுவதுதான் அன்றைய பழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்தவர்களுக்கு இந்த வெளிறிய நீலப்படம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இதை எப்படிப் பயிற்சியாகச் செய்வது? படத்தின் ஒரு நிழலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டு, அந்த நிழல் மட்டும் தெரியும்படி திரைமேல் வையுங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் அந்த நிறத்துக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். பிறகு தாளை நகர்த்தி, பக்கத்தில் உள்ள வெயில்பகுதிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு பெயர்களையும் எழுதிவைத்துக்கொண்டு தாளை எடுங்கள். தனியாகப் பார்த்தபோது மங்கலான சாம்பல்நீலமாக இருந்தது, சேர்ந்து நிற்கும்போது எப்படி ஒளிர்கிறது என்று தெரியும்.

இந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் படத்தின் தட்பவெப்பம். பிஸாரோவின் 'உறைபனி'யில் நிலத்தின் காவிமஞ்சளும் நிழலின் பச்சைகலந்த நீலமும் மாறி மாறி வருகின்றன. வெயில் வந்துவிட்டது, உறைபனி இன்னும் விடவில்லை, இரண்டும் ஒரே வயலில். விவசாயியின் காலில் இருக்கும் குளிர் அந்த நிழல்களில்தான் இருக்கிறது, அவர் முகத்தில் இல்லை; முகமே சரியாகத் தெரியாது.

படி 3: நிறத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

போனில் படத்தின் நகலை எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நேரில் பார்க்கிறீர்கள் என்றால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், ஏறக்குறைய அதே பலன். எது வெளிர், எது அடர் என்ற கணக்கு மட்டும் மிஞ்சும்.

இதற்கு 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' படத்தைவிட நல்ல பாடம் கிடையாது. மோனே 1872 என்று தேதியிட்டது; லு ஆவ்ர் துறைமுகக் காலை. நீலச்சாம்பல் மூட்டத்தில் கப்பல் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் நிழலாய் நிற்கின்றன, முன்னால் சின்னச் சின்ன படகுகள், நடுவே செக்கச் சிவந்த ஆரஞ்சு வட்டமாகச் சூரியன். 1874 கண்காட்சியில் இதைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, தன் நக்கல் கட்டுரையில் இதன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் "இம்ப்ரஷனிஸ்டுகளின் கண்காட்சி" என்று தலைப்புப் போட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அதைக் கருப்பு வெள்ளையாக்குங்கள். சூரியன் காணாமல் போகும்! ஏறக்குறைய சுற்றியுள்ள மூட்டத்தோடு கரைந்துவிடும். உண்மையான சூரியன் வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. மோனேவின் சூரியன் வானத்தைவிடப் பிரகாசமே இல்லை. நிறம் மட்டும்தான் வேறு. ஹார்வர்டு நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். நம் பார்வையில், ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று கவனிக்கும் பகுதி நிறத்தை ஏறக்குறைய கண்டுகொள்வதில்லை; வெளிர்-அடர் வேறுபாட்டைத்தான் பார்க்கும். நிறத்தைப் பார்க்கும் பகுதி வேறு. இந்தச் சூரியனை ஒரு பகுதி பார்க்கிறது, இன்னொரு பகுதிக்கு அது இல்லவே இல்லை. அதனால்தான் அது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் துடிப்பதுபோல் தெரிகிறது.

கருப்பு வெள்ளைப் பிரதியில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக வெளிரான இடத்துக்கும் மிக அடர்வான இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி? படத்தின் பெரும்பகுதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? 'மேக்பை'யில் பெரும்பகுதி வெளிர். அடர்வான இடங்கள் கொஞ்சம்தான். 'சூரியோதய'த்தில் எல்லாம் நடுவாந்திரம். படகுகள் மட்டுமே தெளிவாக இருண்டிருக்கின்றன. இடைவெளி சுருங்கச் சுருங்க படம் முணுமுணுக்கும், விரிய விரியக் குரல் உயரும். நிறத்தில் மயங்கிக் கிடக்கும்போது இது தெரியாது.

படி 4: வானத்துக்கு எவ்வளவு இடம்?

ஆல்ஃபிரெட் சிஸ்லி எப்போதும் வானத்திலிருந்துதான் படத்தைத் தொடங்குவதாக எழுதியிருக்கிறார். வானம் பின்னணித் திரை மட்டுமல்ல, படத்துக்கு ஆழமும் அசைவும் தருவதே அதுதான் என்பது அவர் கட்சி. அவர் படங்களைப் பார்த்தால் பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

1876-ல் சேன் நதி பெருகி போர்-மார்லி ஊருக்குள் வந்தது. அப்போது பக்கத்தில் மார்லியில் குடியிருந்த சிஸ்லி அந்த வெள்ளத்தைப் பல கான்வாஸ்களில் வரைந்தார். ஓர்சேயில் உள்ளதைப் பாருங்கள். இடது பக்கம் ஒரு ஒயின் வியாபாரியின் வீடு தண்ணீரில் நிற்கிறது, படகில் ஆட்கள். வெள்ளம் என்றால் நாம் எதிர்பார்க்கும் அலறல் எதுவும் இல்லை. பாதிக்கு மேல் மேகம் ஓடும் வானம். கீழே தெருவாக இருந்த இடத்தில் அதே வானத்தின் பிரதிபலிப்பு. மேலேயும் வெளிச்சம், கீழேயும் வெளிச்சம். அதனால் அந்த வீடு மிதப்பதுபோல் இருக்கிறது. ஊரே தத்தளிக்கும் ஒரு நாள் இப்படி நிதானமாக இருக்க முடியுமா என்று கேட்டால், வெள்ளம் ஏறி முடிந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அந்த நாளின் விசித்திரமான நிதானம்தான் இது.

செய்ய வேண்டியது இதுதான்: அடிவானக் கோட்டின் உயரத்தைப் பாருங்கள். பிறகு கையால் வானத்தை மறைத்துவிட்டு நிலத்தை மட்டும் பாருங்கள். நிலத்தின் நிறங்களுக்கு அர்த்தம் குறைந்துவிட்டால், படத்தின் மனநிலையை வானம்தான் பிடித்து வைத்திருக்கிறது. 'மேக்பை'யில் வானம் அமைதியான வெளிர் பூச்சு, பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மறைத்தாலும் படம் நிற்கும், ஏனென்றால் அங்கே பனியே வானத்தின் வேலையைச் செய்கிறது.

படி 5: விளிம்புகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். படத்தில் கத்தி வெட்டியதுபோன்ற விளிம்பு எங்கே, கரைந்த விளிம்பு எங்கே என்று தேடுங்கள். காற்றில் ஈரம், புகை, மூட்டம் இருந்தால் தூரத்து விளிம்புகள் கரையும், நிறங்கள் ஒன்றையொன்று நெருங்கும். மோனே தன் பிற்காலக் கடிதம் ஒன்றில், பொருளைவிட அதைச் சூழ்ந்து எல்லாவற்றின் மேலும் ஒரே ஒளியாகப் படரும் உறையைப் பிடிக்கத் தவிப்பதாக எழுதினார். அந்த உறை தெரியும் இடம் விளிம்புதான்.

படி 6: தீற்றலின் திசையும் தடிமனும்

இப்போது கிட்டப் போங்கள், அல்லது திரையில் பெரிதாக்குங்கள்.

1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட், பிதுக்கினால் வரும் உலோக டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் அரைத்த எண்ணெய் வண்ணத்தை வெளியே தூக்கிக்கொண்டு போவது சுலபமானது. தட்டையான முனை கொண்ட பிரஷ்களும் வந்தன. சதுரம் சதுரமாக, பட்டை பட்டையாகத் தீற்ற அவை தோது. இந்த இரண்டும் இல்லாமல் நாம் பார்க்கும் தீற்றல்கள் இல்லை.

தீற்றலில் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, திசை. தண்ணீர் படுக்கையாக, மரம் செங்குத்தாக, பனி மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து. இரண்டு, அளவு. மோனே 1872 வாக்கில் வரைந்த 'அர்ஜந்தேயில் படகுப்போட்டி' படத்தில் பாய்களின் பிரதிபலிப்பு அகலமான துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. அந்த அகலமே வெயிலின் உற்சாகம். மூன்று, தடிமன். 'சூரியோதய'த்தில் மூட்டம் மெல்லிய பூச்சாக இருக்கிறது. அதன் மேல் சூரியனின் பிரதிபலிப்பு மட்டும் தடித்த ஆரஞ்சுத் தீற்றல்களாக, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தண்ணீரில் இறங்குகிறது. மெல்லிய மூட்டத்தில் அந்தத் தடித்த வண்ணம் கையால் தொடக்கூடிய பொருளாக நிற்கிறது. வானத்துச் சூரியனைவிடத் தண்ணீரில் உள்ளது நிஜமாகத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

லில்லா கபோட் பெர்ரி என்ற அமெரிக்க ஓவியர் ஷிவெர்னியில் மோனேவின் பக்கத்து வீட்டில் பல கோடைகள் தங்கியவர். மோனே தனக்குச் சொன்ன அறிவுரையை அவர் 1927-ல் பதிவு செய்தார்: வரையப் போகும்போது எதிரே இருப்பது மரமா, வீடா, வயலா என்பதை மறந்துவிடு, இங்கே ஒரு சின்ன நீலச் சதுரம், அங்கே ஒரு ரோஜா நிற நீள்சதுரம், இதோ ஒரு மஞ்சள் கோடு என்று மட்டும் நினைத்து, தெரிகிற நிறத்திலும் வடிவத்திலும் வை. பார்வையாளரும் இதையே தலைகீழாகச் செய்யலாம். ஒரு உள்ளங்கை அளவு பகுதியை எடுத்து, அது எந்தப் பொருள் என்று சொல்லாமல் நிறமும் வடிவமும் மட்டும் சொல்லுங்கள். முதலில் அசட்டுத்தனமாக இருக்கும். ஐந்தாறு தீற்றல் தாண்டியதும் நாக்கு பழகிவிடும்.

படி 7: அந்த ஒரு சின்னப் பொருள்

வெளிச்சத்தைப் பற்றிய படத்தில் ஏன் ஒரு பறவை? கட்டைவிரலால் அந்த மேக்பையை மறைத்துப் பாருங்கள். படம் உடனே நீண்டு, தூங்கிவிடும். விரலை எடுங்கள், நிலம் சட்டென்று நேரத்துக்குள் வந்துவிடுகிறது. பறவை எந்த நொடியும் பறந்துவிடலாம், வெயிலும் அப்படித்தான். இவ்வளவு வெளிர்ந்த பரப்பில் அந்த அடர்ந்த புள்ளி இல்லையென்றால் வெளிர் எவ்வளவு வெளிர் என்று கண்ணுக்கு அளவும் கிடைக்காது.

'உறைபனி'யின் விவசாயி, 'சூரியோதய'த்தின் முன்படகு, எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. மறைத்து எடுத்துப் பார்க்கும் சோதனை ஒவ்வொரு படத்திலும் செய்யத்தக்கது. எடுத்தால் எதுவும் மாறவில்லை என்றால், அது வெறும் அலங்காரம். பெரிய பெயர்களின் படங்களிலும் அப்படிப்பட்ட அலங்காரங்கள் உண்டு, தயங்காமல் சொல்லுங்கள்.

படி 8: மனநிலைக்குப் பெயர் வைப்பது

இங்கே ஒரே ஒரு விதி: "அமைதியாக இருக்கிறது" என்ற பதிலை உங்களிடமிருந்தே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆளில்லாத எந்த நிலக்காட்சிக்கும் அது பொருந்தும், எனவே எதையும் சொல்லவில்லை. பதிலாக இவற்றைக் கேளுங்கள். தோலில் என்ன படுகிறது? காதில் என்ன விழும்? வெளிச்சம் கூடிக்கொண்டிருக்கிறதா, குறைந்துகொண்டிருக்கிறதா? நான் நிற்பது வெயிலிலா, நிழலிலா?

'மேக்பை'க்கு என் பதில்கள்: முகத்தில் குளிர், கண்ணில் கூச்சம். புதுப்பனி சத்தத்தை உறிஞ்சிவிடும், எனவே பறவை கத்தினால் அது மட்டும் கேட்கும். நிழல் நீளமாக இருப்பதால் வெயில் ரொம்ப நேரம் தங்காது. நான் வேலிக்கு இந்தப் பக்கம். இவற்றைச் சேர்த்தால் எனக்கு வருவது அமைதி இல்லை. கதவைத் திறந்ததும் வெளியே எல்லாம் மாறிப்போயிருக்கும் ஒரு காலையின் உஷார்நிலை. உங்களுக்கு வேறு வரலாம். ஆனால் எந்தப் பதிலுக்கும் ஆதாரம் முந்தைய படிகளில் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்க வேண்டும்.

ஓவியரின் வாழ்க்கையை இந்தப் படியில் கடைசியாகத்தான் கொண்டுவர வேண்டும், முதலில் அல்ல. 'மேக்பை' காலத்தில் மோனே எத்ரத்தாவில் தன் துணைவி காமீயோடும் சின்னப் பையன் ஜானோடும் இருந்தார். தன் திருப்தியை நண்பர் பஸீய்க்குக் கடிதத்தில் எழுதினார். பொருந்துகிறது, நல்லது. ஆனால் 1879 செப்டம்பரில் காமீ இறந்தார். அந்தக் குளிர்காலத்தில் சேன் நதி உறைந்து, ஜனவரியில் பனிப்பாளங்களாக உடைந்து ஓடியதை மோனே வரைந்தார். எல்லோரும் அந்தப் படங்களைத் துக்கம் என்று படிக்கிறார்கள். இருக்கலாம். அதே 1880-ல் அவர் சலோனுக்கு அனுப்பிய 'லவக்கூர்' படமோ வெயிலில் சோம்பிக்கிடக்கும் சேன் நதி. அதையும் துக்கம் என்பீர்களா? வாழ்க்கைக் குறிப்பு படத்தைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். என்னைக் கேட்டால் மூடுவதுதான் அதிகம்.

படி 9: ஒரே பொருள், வேறு வேளை

கடைசிப் பயிற்சிக்கு மோனேவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். 1890-91-ல் ஷிவெர்னியில் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற கோதுமைப் போர்களைச் சுமார் 25 கான்வாஸ்களில் வரைந்தார். 1891 மே மாதம் ஓவிய வியாபாரி துராந்த்-ருவேலின் கூடத்தில் அவற்றில் 15 ஒன்றாகத் தொங்கின. பொருள் ஒன்றே, மாறுவது வெளிச்சம் மட்டும். சூரியன் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுகிறதே, பின்தொடர முடியவில்லையே என்று 1890 அக்டோபரில் புலம்பினார். அடுத்த தொடரான பாப்லர் மரங்களில் ஒரு கான்வாஸுக்கு உரிய வெளிச்சம் ஏழே நிமிடம்தான் இருந்ததாம். ஒரு குறிப்பிட்ட இலையை வெயில் விட்டதும் அடுத்த கான்வாஸை எடுத்துவிடுவார் என்கிறார் பெர்ரி. அந்த மரங்களை வெட்ட ஏலம் போட்டபோது, வரைந்து முடிக்கும்வரை நிற்கட்டும் என்று மரவியாபாரியோடு செலவைப் பகிர்ந்துகொண்ட மனிதர் அவர்.

சிகாகோ கலைக்கழகத்தில் இந்தக் கோதுமைப்போர்ப் படங்கள் ஆறு இருக்கின்றன, எல்லாவற்றையும் அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். ஒரு கோடைப்படத்தையும் ஒரு பனிப்படத்தையும் பக்கம் பக்கமாக வையுங்கள். முதலில் போரைப் பார்க்காமல், போரின் நிழலை மட்டும் பாருங்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், என்ன நிறம். பிறகு இரண்டையும் கருப்பு வெள்ளையாக்குங்கள். ரஷ்ய ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி மாஸ்கோவில் இந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தபோது அது என்ன பொருள் என்றே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கேட்டலாக் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், ஆனால் படம் மனதை விட்டு அகலவில்லை. நிறத்தோடு பார்க்கும்போது இரண்டு படங்களுக்கும் எவ்வளவு தூரம், நிறம் போனபின் எவ்வளவு தூரம் என்று ஒப்பிட்டால், எதில் மனநிலையை நிறம் சுமக்கிறது, எதில் வெளிர்-அடர் சுமக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

தூரிகை பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

1905-ல் தன் வண்ணங்களைப் பற்றிக் கேட்டபோது மோனே சொன்ன பட்டியல் குட்டியானது: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர்ந்த மாடர் சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை. கருப்பு இல்லை. இன்று வரைபவர்கள் ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை வைத்துக்கொள்ளலாம், ஈயம் நஞ்சு. கோபால்ட் நீலமும் வெள்ளையும் துளி மாடரும் கலந்து நிழலையும், வெள்ளையில் துளி காட்மியம் மஞ்சள் கலந்து வெயிலையும் தீட்டி, ஒரு வெள்ளைப் பாத்திரத்தை வெயிலில் வைத்து வரைந்து பாருங்கள். நிழலை முதலில் போடுங்கள். அதன் விளிம்பைக் காகிதத்தில் உடனே குறித்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரத்தில் நகர்ந்திருக்கும்.